மாந்தோப்புக்கு நீர்: நாள் கணக்கா, ஆவியாதல் கணக்கா, ஈரமானியா?

கிருஷ்ணகிரிப் பக்கத்து மாந்தோப்புகளுக்குச் சொட்டுநீர்க் குழாய் வந்துவிட்டது. ஆனால் வால்வை எப்போது திறப்பது என்பதைப் பல தோப்புகளில் இன்னும் மும்முனை மின்சாரம்தான் முடிவு செய்கிறது. ‘மூன்று நாளைக்கு ஒருமுறை, இரண்டு மணி நேரம்’ என்ற நாள் கணக்குக்குச் செலவில்லை, யாருக்கும் சொல்லித்தரவும் வேண்டாம். குறை என்னவென்றால், அதற்கு டிசம்பரும் ஏப்ரலும் ஒன்றுதான்.

ஆவியாதல் கணக்கு வெயிலைப் பார்த்துப் பேசும். ஏப்ரலில் ஆவியாதல் தட்டில், அதாவது வெயிலில் திறந்து வைத்த நீர்த்தட்டில், ஒரு நாளில் 7 மி.மீ. நீர் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். தட்டின் அளவைப் பயிர் நிலத்தின் அளவாக மாற்ற 0.7, மாமரத்தின் தேவைக்கேற்பத் திருத்த இன்னொரு 0.7 என்று பெருக்கினால் ஏறத்தாழ 3.4 மி.மீ. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. என்பது 1 லிட்டர். கிளைப்பரப்பு 5 மீட்டர் அகலமென்றால் சுமார் 20 சதுர மீட்டர். நாளொன்றுக்கு 67 லிட்டர் வேண்டும். மணிக்கு 8 லிட்டர் விடும் சொட்டுவான்கள் நான்கு இருந்தால், தினமும் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். மேலே சொன்ன நாள் கணக்கு கொடுப்பது இதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை!

ஆனால் அடைத்துக்கொண்ட சொட்டுவானைக் கணக்கு அறியாது. அங்கேதான் ஈரமானி உதவுகிறது: நீர் நிரப்பி மண்ணில் நடும் குழாய் இது; மண் காயக் காய அதன் முள் ஏறும். ஒன்றை 30 செ.மீ. ஆழத்திலும் மற்றொன்றை 60 செ.மீ. ஆழத்திலும் நடவேண்டும். ஆழத்து முள் எப்போதும் பூஜ்ஜியத்தை ஒட்டியே நின்றால் நீர் வீணாகிறது, நேரத்தைக் குறைக்கலாம். அது நாளுக்கு நாள் ஏறினால் நேரத்தைக் கூட்டவேண்டும். ஒரு எச்சரிக்கை: மண் மிகவும் காய்ந்து அளவு 80 சென்டிபாரை (முள் காட்டும் உறிஞ்சுவிசையின் அலகு) தாண்டினால் குழாய்க்குள் காற்று புகுந்து, முள் பூஜ்ஜியத்துக்கு விழுந்துவிடும். வறண்ட மண்ணை நனைந்த மண் என்று நம்பவைக்கும் இதுபோன்ற கருவிக்கோளாறு வேறில்லை. கொதித்து ஆறிய நீரை ஊற்றி, காற்றை வெளியேற்றிய பிறகே மறுபடி நம்பலாம்.

என் தேர்வு: மாதந்தோறும் ஆவியாதல் கணக்கால் நேரத்தை வைத்து, ஈரமானியால் திருத்துவது. பூப்பதற்கு முந்தைய இரண்டு மாதங்களுக்கு மட்டும் இரண்டையும் ஒதுக்கிவிடவேண்டும். காய்ப்புக்கு வந்த மரம் அப்போது தாகத்தில் இருந்தால்தான் தளிர் விடாமல் பூவெடுக்கும்; ஈரமானியோ நீர் கொடு என்றே சொல்லும். பிஞ்சு பட்டாணி அளவுக்கு வந்த பிறகு வால்வைத் திறந்தால் போதும், அதுவும் ஒரேயடியாக இல்லாமல் சிறிது சிறிதாக.