உணர்வில் நிற்கும் விசுவாசம், செயலில் நிற்கும் விசுவாசம்

கடவுள் இருக்கிறார் என்று ஒப்புக்கொள்வது மட்டும் விசுவாசம் ஆகாது. "பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன" என்கிறது பைபிளிலுள்ள யாக்கோபு நிருபம் (2:19). சரி, அதற்கு மேல் என்ன வேண்டும்? உணர்வா, செயலா?

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலேயப் போதகர் ஜான் வெஸ்லி 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த கூட்டத்துக்கு மனமில்லாமல்தான் போனார். ரோமர் நிருபத்துக்குச் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்தபோது தன் உள்ளம் அனல் கொண்டதாகக் குறிப்பேட்டில் எழுதினார். மெதடிஸ்ட் சபையார் இன்றும் அந்த நாளை நினைவுகூர்கிறார்கள். ஆனால் 1739 ஜனவரியிலேயே, தான் இன்னும் கிறிஸ்தவனே இல்லை என்று எழுதியவரும் அவர்தான்! அந்த அனல் அவ்வளவு நிலையில்லாதது. அப்புறமும் அவர் ஊர் ஊராகப் பிரசங்கித்தார் என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அன்னை தெரசாவுக்கு 1946இல், டார்ஜிலிங் போகும் ரயிலில், ஏழைகளுக்குப் பணிசெய்யும்படி கடவுளின் அழைப்பு வந்தது. கொல்கத்தாவில் ஏழைகள் நடுவே பணி தொடங்கியதும் கடவுளின் நெருக்கம் மறைந்துபோனது. கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகள் உள்ளுக்குள் இருள்தான் என்பது 2007இல் அவருடைய கடிதங்கள் நூலாக வெளிவந்த பிறகே உலகுக்குப் பரவலாகத் தெரிந்தது. அவரோ ஜெபத்தையும் விடவில்லை, சாகக் கிடந்தவர்களைப் பராமரிப்பதையும் விடவில்லை. அவர் உள்ளுக்குள் நாத்திகர் என்று சிலர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த இருளைப் பற்றி அவர் முறையிட்டதே இயேசுவிடம்தானே?

ஆராதனையில் எல்லோரும் அழும்போது தனக்குக் கண்ணீர் வரவில்லையே என்று கலங்குபவர்களுக்கு, வெஸ்லியின் அந்த மாலையைவிடத் தெரசாவின் கடிதங்களைத்தான் முதலில் காட்டுவேன்.