ஹட்டனிலிருந்து மொண்டே கார்லோ: டெனிஸ் டிவி சேவை பற்றிய மதிப்பீடு

ஆண்களுக்கான தொழில்முறை டெனிஸை நடத்தும் ஏடிபி அமைப்பின் இணைய ஒளிபரப்புச் சேவையான டெனிஸ் டிவியை நான் இலங்கையின் மலையக ஊரான ஹட்டனில் பயன்படுத்தி வருகிறேன். செம்மண் தரைப் போட்டிகளுக்காக மட்டும் இதற்குச் சந்தா கட்டலாமா என்று கேட்பவர்களுக்கு, தயங்காமல் கட்டலாம் என்றே சொல்வேன். அதற்குக் காரணம் நேரலை அன்று. முடிந்த ஆட்டங்களை முதற்பந்திலிருந்து கடைசிப்பந்துவரை மீண்டும் பார்க்க முடிவதே இதன் பெரும் பயன்.

செம்மண் தரைப் போட்டியான மொண்டே கார்லோ மாஸ்டர்ஸ் ஏப்ரலில் நடைபெறுகிறது. அங்கே பிற்பகல் 3 மணியாகும்போது இங்கே மாலை 6.30. வேளை நல்லதுதான், ஆனால் மலையகத்தில் சித்திரை மாதத்து இடிமழை இறங்குவதும் பெரும்பாலும் பிற்பகலுக்குப் பின்னர்தான் என்பதால், மின்சாரம் நின்றுவிடும், அல்லது கைபேசி இணைப்பு மெலிந்து படம் உறைந்துவிடும். இந்தக் குறை சேவையினுடையதல்ல, எங்கள் பகுதிக்கு வரும் இணைப்பினுடையது.

2025 இறுதியாட்டம் ஏப்ரல் 13ஆம் திகதி, புத்தாண்டுக்கு முதல் நாள், நடந்தது. பலகார வேலையை விட்டுவிட்டு அந்த மாலையில் யார் உட்கார்ந்து பார்ப்பது? கார்லோஸ் அல்கராஸ் 3-6, 6-1, 6-0 என்று லொரென்சோ முசெட்டியை வென்றார் என்பதை மட்டும் படிப்பவர், முதல் செட்டை வென்ற முசெட்டி பிறகு மனம் தளர்ந்துவிட்டார் என்றே எண்ணுவார். முழு ஆட்டத்தையும் பார்க்கும்போதுதான், வலது காலின் வலியால் அவர் பந்தை எட்ட முடியாமற்போவது கண்ணுக்குப் புலப்படுகிறது. செங்கல் தூள் பரப்பிய தரை பந்தின் வேகத்தைக் குறைத்து அதை உயர எழுப்புவதால், ஓங்கி அடித்த ஓர் அடியோடு புள்ளி முடிவது அரிது. எதிராளியை இடமும் வலமும் ஓடவிட்டு, சறுக்கவிட்டு, அவரது கால்களைக் களைப்படையச் செய்தே வெல்ல வேண்டியிருக்கிறது. சுருக்கத் தொகுப்புகள் வெட்டியெறிவது இந்த உழைப்பைத்தான். சறுக்கிய வீரரின் பின்னால் தரையில் நீளும் கோட்டையும், அவர் மட்டையால் சப்பாத்தைத் தட்டித் தூளை உதிர்ப்பதையும் முழு ஒளிபரப்பிலேயே காணலாம். 2025 முதல் ஏடிபி போட்டிகளில் பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்ற தீர்ப்பை இலத்திரனியல் கருவிகளே வழங்குவதால், நடுவர் இறங்கிவந்து பந்தின் தடத்தைக் குனிந்து பார்க்கும் காட்சி இல்லாமற்போனது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

தமிழ் வர்ணனை கிடையாது. பணம் கட்டுமுன் அறியவேண்டிய பெரிய குறை வேறொன்று: கிராண்ட் ஸ்லாம் எனப்படும் நான்கு பெரும் போட்டிகளும் (ஆஸ்திரேலிய, பிரெஞ்சு, விம்பிள்டன், அமெரிக்க) இந்தச் சேவையில் அடங்காதவை. ஆகவே, அதே ஆண்டு ஜூன் 8ஆம் திகதி அல்கராஸ் 5 மணி 29 நிமிடம் போராடி யானிக் சின்னரை வென்ற பிரெஞ்சு பகிரங்க இறுதியாட்டத்தின் நேரலை இதில் இருக்கவில்லை. செம்மண் பருவம் மட்டும் வேண்டுவோர் வருடச் சந்தாவைத் தவிர்த்து, மொண்டே கார்லோ தொடங்கும்போது மாதச் சந்தா எடுத்து, மட்ரிட், ரோம் போட்டிகள் மே மாதத்தில் முடிந்ததும் நிறுத்திக்கொள்ளலாம்.