கத்திரி வெயிலுக்குத் தக்காளிச் செடிமேல் 50 சதவீத நிழல்வலை: வாங்கலாமா?

மதுரையில் மொட்டை மாடியில் தக்காளி வைத்திருப்பவர்கள் வலை வாங்குவதென்றால் 50 சதவீத நிழல்வலை வாங்குங்கள், அதிலும் மோனோ, அதாவது உருண்டை இழை வலை என்று கேட்டு வாங்குங்கள். 75 வேண்டாம், நாடா என்கிற தட்டை இழையும் வேண்டாம். எடுத்த எடுப்பிலேயே இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. மாசி வீதிப் பக்கம் கயிறு, தார்ப்பாய் விற்கிற கடைகளில் போய் நின்றால் எதற்கு வலை என்று யாரும் கேட்பதில்லை. காருக்கு நிழல் போட வந்தவருக்கும் செடிக்கு வாங்க வந்தவருக்கும் ஒரே சுருளைத்தான் உருட்டி விரிக்கிறார்கள்.

சதவீதம் என்பது வலை மறிக்கிற வெளிச்சத்தின் அளவு. 35, 50, 75, 90 என்று வரும். நான் வாங்கிய கடையில் இருந்த பையன், "அண்ணே, நம்ம ஊரு வெயிலுக்கு எழுபத்தஞ்சு போட்டாத்தாண்ணே தாங்கும்" என்று விடாமல் சொன்னான். மனுஷனுக்கு அது சரிதான், கட்டில் போட்டுப் படுக்க நல்ல நிழல். தக்காளிக்கு வெளிச்சம்தான் சோறு, முக்கால் பங்கைப் பிடுங்கிவிட்டால் செடி வெளிச்சத்தைத் தேடி நெட்டையாக வளரும், கணுவுக்குக் கணு இடைவெளி கூடும், தண்டு மெலியும், பூ எடுக்காது. எங்கள் தெருவில் ஓர் அக்கா வீட்டு மாடியில் 75 கட்டியிருந்தார்கள். பார்க்கப் பச்சைப்பசேலென்று இருந்தது, காயைத்தான் தேட வேண்டியிருந்தது. 35 தக்காளிக்குப் போதும் என்பார்கள், நாலு பக்கமும் மரம் இருக்கிற தோட்டத்தில் போதும்தான். கீழே தளம் கொதித்து, பக்கத்துச் சுவரும் அனல் அடிக்கிற மாடியில் 50தான் சரிப்படுகிறது.

அடுத்தது இழை. கையில் எடுத்துத் தடவிப் பாருங்கள். இழை தட்டையாக, சாக்கு நூல் மாதிரி இருந்தால் அது நாடா. உருண்டையாக, தூண்டில் நரம்பு கணக்காக இருந்தால் மோனோ. நாடா விலை குறைவு, ஆனால் நம் ஊர் வெயிலில் சீக்கிரம் மொரமொரத்துப் போய்விடுகிறது, விரலால் தேய்த்தால் பச்சைத் தூளாக உதிரும், அது மண்ணில் விழுந்தால் பொறுக்கி எடுக்கவும் முடியாது. மோனோ ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விலை கேட்டார்கள், கொடுத்தேன். கோடை முழுக்க வெயிலில் கிடந்தும் நிறம் லேசாக வெளுத்ததைத் தவிர இழை அப்படியே இருக்கிறது. வெயில் தாங்கும் யூவி சேர்த்த வலையா என்று கேளுங்கள், ஆமாம் என்றால் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் ஐந்து வருஷம் கேரண்டி சொல்பவர்கள் பேனாவை எடுத்தால் தயங்குகிறார்கள்.

சரி, கட்டினால் காய்க்குமா? வலை வாங்கப் போகிற எல்லாருக்கும் இந்த ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கத்திரியில் வலைக்கு அடியில் புதிதாகக் காய் பிடிக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். பகலில் 35 டிகிரிக்கு மேலே போய், இரவிலும் 24, 25க்குக் கீழே இறங்கவில்லை என்றால் தக்காளியின் மகரந்தம் கெட்டுவிடுகிறது. பூ பூக்கும், பிஞ்சு நிற்காது. மதுரையில் மே மாதம் பகலில் 40ஐத் தொடுவது சர்வசாதாரணம், ராத்திரி 26க்கு இறங்கினாலே பெரிய விஷயம். வலை வெயிலை மறிக்கும், ராத்திரிப் புழுக்கத்தை அது என்ன செய்ய முடியும்? போதாததற்கு, பூ விரிவதற்குப் பத்து நாள் முன்னால், மொட்டுக்குள் மகரந்தம் உருவாகும்போதே சூடு பட்டாலும் கெடும். அதனால் இரண்டு நாள் மழை பெய்து குளிர்ந்தவுடன் காய் பிடிக்கவில்லையே என்று செடியைத் திட்டுவதில் அர்த்தமில்லை. பூக்காம்பைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நடுவில் ஒரு சின்ன முட்டு இருக்கும். அந்த முட்டுதான் முதலில் மஞ்சளாகும், தொட்டால் பூ அங்கேயே கழன்று கையோடு வரும். அந்த மஞ்சளைப் பார்த்துவிட்டு உரக்கடைக்கு ஓடிப் பூ உதிராமல் இருக்க மருந்து வாங்கி ஊற்றுகிறார்கள், காரணம் சூடு, அதற்கு உரம் என்ன செய்யும்.

அப்படியென்றால் வலை எதற்கு? இரண்டு காரியத்துக்கு. தையில் நட்ட செடியில் மார்ச்சில் பிடித்த காய்களைக் காப்பாற்றிப் பழுக்க வைக்க, அப்புறம் செடியைச் சாகவிடாமல் கத்திரியைத் தாண்ட வைக்க. இந்த இரண்டையும் வலை அருமையாகச் செய்கிறது. நேர் வெயில் படுகிற காயின் தோல் சுற்றியிருக்கிற காற்றைவிடப் பத்து டிகிரி வரை கூடச் சூடாகிவிடும். மேற்குப் பார்த்த காய்களில் காம்பை ஒட்டிய தோளருகே முதலில் வெள்ளையாக ஒரு வட்டம் விழும், பிறகு அது காகிதம் போல் காய்ந்து உள்வாங்கி, கடைசியில் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். வலை கட்டிய பக்கத்தில் இந்தத் தொல்லை இல்லவே இல்லை. இடம் போதாமல் வெளியே நின்ற இரண்டு செடிப் பைகளில் பாதிக் காய் போயிற்று. ஆனால் வலைக்குள்ளும் பழம் ரத்தச் சிவப்பாக வராது, ஆரஞ்சாகவே நின்றுவிடும். 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமி சரியாக உருவாகாததுதான் காரணம். நிறம் திரும்ப ஆரம்பித்ததும் பறித்து வீட்டுக்குள் நிழலில் வையுங்கள், நன்றாகவே பழுக்கிறது, குழம்புக்குப் புளிப்பும் குறையவில்லை.

கட்டுகிற விதத்தில்தான் பாதிப் பலன். தரையிலிருந்து 7 அடியாவது உயரம் வேண்டும், இல்லையென்றால் சூடு உள்ளேயே தங்கி வலையே அடுப்பாகிவிடும். பக்கங்களை மூடாதீர்கள். மேற்குப் பக்கம் மட்டும் வலையை இறக்கி விடுங்கள், மத்தியானம் 2 மணிக்கு மேல் சாய்ந்து வருகிற வெயில்தான் பொல்லாதது. வெள்ளை நிற கேபிள் டை வேண்டவே வேண்டாம், வெயிலில் இற்றுப்போய் நல்ல காற்று அடிக்கிற நாளாகப் பார்த்து ஒவ்வொன்றாக உடையும். கட்டுக் கம்பியோ நைலான் கயிறோ போதும். கடையில் ஓரத்துக்கு வளையம் அடித்துத் தருகிறோம் என்று தனியாகக் காசு வாங்கினார்கள், ஓரத்தை மடிக்காமல் ஒற்றை வலையிலேயே அடித்திருந்தார்கள். மே மாதம் இடியும் காற்றுமாக ஒரு சாயங்காலம் வந்ததே, அதில் மூலை வளையம் மூன்றும் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. போய்க் கேட்டால், "காத்துக்கு நாங்க என்னண்ணே பண்றது" என்கிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே கோபம். வலை நல்ல வலை, வளையம் அடித்த வேலை படுமோசம். ஓரத்தை இரண்டாக மடித்துத் தைத்துத் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் வெறும் வலையை வாங்கி நீங்களே மடித்து, உள்ளே கயிறு கோத்துக் கட்டுங்கள்.

வலை மட்டும் இருந்தால் ஆயிற்று என்றும் இல்லை. மத்தியானம் செடி துவண்டு நிற்கிறதே என்று மாடி டேங்கிலிருந்து குழாயைத் திறந்துவிட்டால் வருவது வெந்நீர், வேர் வெந்துவிடும். காலையில் 7 மணிக்குள் ஒரு முறை, வெயில் தாழ்ந்து ஒரு முறை, தினமும் அதே அளவு. ஒருநாள் காயவிட்டு மறுநாள் குளம்போல் ஊற்றினால் காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகும், செடிக்குள் சுண்ணாம்புச் சத்து காய்வரை போய்ச் சேராததால் வருவது அது. மண்மேல் கரும்புச் சோகையோ காய்ந்த இலையோ நாலு விரல் கனத்துக்குப் போடுங்கள். கறுப்புப் பை என்றால் சுற்றிச் சாக்கைக் கட்டுங்கள்.

வெள்ளை ஈயை இந்த வலை தடுக்காது, இதைக் கடையில் கேட்டால் தடுக்கும் என்றே சொல்வார்கள். கண்ணி பெரிது, ஈ தாராளமாக உள்ளே வரும், வந்தால் இலைச்சுருட்டை வைரஸைக் கொண்டுவரும். அதற்குப் பூச்சிவலை என்று தனியாக இருக்கிறது, மாடியில் அதைச் சுற்றிலும் கட்டினால் காற்றோட்டம் போய்விடும். நுனி இலை சுருண்டு மேலே மடங்கிய செடியைத் தாட்சண்யம் பார்க்காமல் பிடுங்கிவிடுங்கள்.

ரகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நான் போட்டது பிகேஎம் 1. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில், தேனிப் பக்கத்து அன்னஞ்சி நாட்டுத் தக்காளியிலிருந்து உருவாக்கிய ரகம், பழம் கொஞ்சம் தட்டையாக, தோளில் பச்சை படிந்து இருக்கும். நம் பக்கத்து வெயிலிலேயே பிறந்த வம்சம் என்பதால் நான் வேறு எதற்கும் மாறவில்லை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது மாடியில் தக்காளி வைத்தவர்கள் நிறையப் பேர், நானும் அப்போதுதான் ஆரம்பித்தேன். ஜூன், ஜூலையில் விலை எகிறுகிற வருஷங்களில் மே மாதத்துச் சூட்டில் பூ உதிர்ந்ததும் ஒரு காரணம்.

கத்திரியைத் தாண்டிய செடியை ஜூனில் நோயில்லாத கிளைகளை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிக் கவாத்து செய்துவிட்டால் ராத்திரி கொஞ்சம் குளிரத் தொடங்கியதும் மறுபடி பிஞ்சு பிடிக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் வலையைக் கழற்றிவிடுங்கள், மேகமூட்டத்தில் வலையும் இருந்தால் செடி வெளுத்துவிடும். கழுவிக் காயவைத்துச் சுருட்டி உயரத்தில் தொங்கவிடுங்கள், தரையில் வைத்தால் எலி கடிக்கும். நீளத்தில் ஒரு மீட்டர் கூடவே வாங்கிக்கொள்ளுங்கள், அந்தத் துண்டு ஆடிப்பட்டத்து நாற்றுத் தட்டுக்கு மேல் போட உதவும்.