குயில்டுக்கு பார்டர்: எந்த அளவு, எந்த மூலை, துணியின் எந்த வாட்டம்?

துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் குயில்டு போர்வைக்கு, சுற்றிலும் பட்டையாக பார்டர் வைக்க எந்த வழி நல்லது என்று யாராவது கேட்டால் பேச்சு உடனே மூலைக்குப் போய்விடும். நேர் மூலையா, 45 டிகிரி சாய்மூலையா, சதுரத் துண்டு வைத்த மூலையா? பார்த்ததும் கண்ணில் படுவது அதுதான், அதனால் அப்படி. ஆனால் தைத்து முடித்து தரையில் விரித்ததும் ஓரமெல்லாம் அலை அலையாக எழும்பி நிற்கிறதென்றால் பெரும்பாலும் மூலை மேல் குற்றமில்லை. பட்டையை எந்த நீளத்துக்கு வெட்டினோம் என்பதில்தான் கோளாறு. அதனால் முதலில் அளவெடுக்கும் வழிகளைப் பார்த்துவிடலாம், மூலை அப்புறம்.

கணக்குக்கு ஒன்றை வைத்துக்கொள்வோம். பிளாக்குகளை (துண்டுகளைச் சேர்த்துத் தைத்த சதுரங்களை) எல்லாம் இணைத்து முடித்த மேல்துணி, தையல் ஓரத்தையும் சேர்த்து, அகலம் 60½ அங்குலம், நீளம் 72½ அங்குலம். தைத்த பிறகு பார்டர் 5 அங்குலம் தெரிய வேண்டும், இரு ஓரமும் கால் அங்குலம் தையலுக்குப் போகும், ஆகவே பட்டையின் அகலம் 5½.

எல்லாவற்றிலும் சுலபமான வழி, அளக்காமலே தைப்பது. நீளமான பட்டையை ஓரத்தில் வைத்து ஒரே ஓட்டமாகத் தைத்து, கடைசியில் மிஞ்சியதை வெட்டிவிடுவது. நேரம் மிச்சம்தான். ஆனால் குயில்டின் ஓரம் நம்பத்தகுந்த இடமில்லை. நடுவில் இருக்கும் பிளாக்கை நாலு பக்கமும் அக்கம்பக்கத்து பிளாக்குகள் பிடித்து வைத்திருக்கின்றன. ஓரத்து பிளாக்குக்கு ஒரு பக்கம் பிடிமானமே கிடையாது. தூக்கி, மடித்து, இஸ்திரி போடும் ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் இழுபடும். ஓரத்தில் முக்கோணத் துண்டுகள் கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்டப்பட்டு வந்திருந்தால் கேட்கவே வேண்டாம். போதாததற்கு மெஷினில் ஊசிக்குக் கீழே இருக்கும் பல் கீழ்த்துணியை நகர்த்தும்போது, ஃபுட் அழுத்திப் பிடிக்கும் மேலே உள்ள துணி சற்றுப் பின்தங்கும். இழுபட்ட ஓரத்தின் நீளத்தை அப்படியே பட்டைக்கும் கொடுத்து நிரந்தரமாக்கிவிடுவதுதான் இந்த முறை. சின்னக் குழந்தைக் குயில்டு, சுவரில் மாட்டும் சிறு துண்டு என்றால் தப்பித்துக்கொள்ளலாம். கட்டில் அளவுக்கு வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது, நடு அளவு. மேல்துணியை நன்றாக இஸ்திரி போட்டு, இழுக்காமல் சமதளத்தில் விரித்து, ஓரத்தை விட்டுவிட்டு நட்டநடுவில் மேலிருந்து கீழாக அளப்பது. மூன்றாவது, சராசரி: நடுவிலும் இரண்டு பக்க ஓரத்துக்குச் சற்று உள்ளேயும் அளந்து, மூன்றையும் கூட்டி மூன்றால் வகுப்பது. நம் குயில்டில் நடு 72½, ஒரு பக்கம் 73¼, மறுபக்கம் 73 என்று வந்தால் சராசரி 72⅞-ஐ ஒட்டி வரும். இரண்டுக்கும் வித்தியாசம் அரை அங்குலத்துக்கும் குறைவு. எதை எடுத்தாலும் குயில்டு தட்டையாக விழும். என் ஓட்டு நடு அளவுக்குத்தான், ஏனென்றால் சராசரியில் இழுபட்ட ஓரத்துக்கும் பங்கு போகிறது. நடுவில் மட்டும் தையல்கள் நெருக்கமாக வந்து சுருங்கிப் போன டிசைன் என்றால் சராசரி நியாயமானது.

மூன்று அளவுகளும் ஒரு அங்குலத்துக்கு மேல் விலகினால் இந்தச் சண்டைக்கே அர்த்தமில்லை. கோளாறு பிளாக்கில் இருக்கிறது. 6 அங்குல பிளாக்குகள் 12 வரிசை என்றால் நடுவே 11 தையல் வரும். ஒவ்வொன்றிலும் 1/16 அங்குலம் பிசகினாலே மொத்தத்தில் 11/16, கிட்டத்தட்ட முக்கால் அங்குலம். கால் அங்குலத் தையலை ஓரத்தில் கொஞ்சம் குறைத்தும் நடுவில் கொஞ்சம் கூட்டியும் தைத்திருந்தால் நீளம் இப்படித்தான் மாறும். அங்கே போய்ச் சரிசெய்யாமல் பார்டரால் இழுத்துப் பிடிக்கப் பார்த்தால் பிளாக்குகள் சுருங்கும்.

டேப்பே வேண்டாம் என்று ஒரு வழியும் உண்டு. பக்கத்துப் பட்டைகள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, குயில்டின் நடுவில் நெடுக விரித்து, இரண்டு முனைகளிலும் மேல்துணியின் ஓரம் வரும் இடத்தில் குறித்து, இரண்டையும் சேர்த்தே வெட்டுவது. எண்ணே கிடையாது, அதனால் எண்ணைத் தப்பாகப் படிக்கவும் வழியில்லை. இரண்டு பக்கமும் ஒரே நீளம் என்பது உறுதி. எனக்கு இதுதான் பிடித்தது. துணி எவ்வளவு வாங்குவது என்று பார்க்கத்தான் டேப்.

வெட்டிய பட்டையைப் பொருத்துவதில் பெரிய போட்டி இல்லை. பட்டையையும் குயில்டின் பக்கத்தையும் தனித்தனியே இரண்டாக, நாலாக, எட்டாக மடித்துக் குறித்து, குறிக்குக் குறி குண்டூசி குத்துங்கள். முதலில் இரண்டு முனை, பிறகு நடு, அப்புறம் இடைவெளிகள். குயில்டு கொஞ்சம் நீளமாக இருந்தால் அதைக் கீழே வைத்துத் தைக்க வேண்டும். மெஷினின் பல் கீழ்த்துணியைக் கூடுதலாக உள்ளே இழுத்துக்கொள்ளும் குணம் இங்கே நமக்குச் சாதகம். இரண்டும் சம நீளம் என்றால், மேல், கீழ்த் துணிகளை ஒன்றாக நகர்த்தும் வாக்கிங் ஃபுட் போட்டுவிடலாம்.

இனி மூலை. நேர் மூலையில் முதலில் இரண்டு பக்கமும் 72½ அங்குலப் பட்டை. தைத்து, தையலை பார்டர் பக்கமாகத் தேய்த்த பிறகு, சேர்த்த பார்டரோடு குறுக்கே மறுபடி நடுவில் அளந்து மேல், கீழ்ப் பட்டைகள், சுமார் 70½. மொத்தம் 286 அங்குலப் பட்டை போதும். இரண்டு மூன்று பார்டர் வைப்பதானால் ஒவ்வொன்றுக்கும் புதிதாக அளக்க வேண்டும்.

சதுர மூலைக்கு நாலு பட்டைகளையும் பார்டர் தைப்பதற்கு முன்பே அளந்து வெட்டிவிட வேண்டும்: 72½ இரண்டு, 60½ இரண்டு. மேல், கீழ்ப் பட்டைகளின் முனைகளில் 5½ அங்குலச் சதுரங்களைச் சேர்த்த பிறகுதான் குயில்டில் ஏறும். பட்டை 266 அங்குலம் போதும், சதுரத்துக்கு மிச்சத் துணி ஆகும். பார்டர் துணி கொஞ்சம் பற்றாமல் போகும்போது கைகொடுப்பது இதுதான். சதுரத்தின் தையலும் பக்கத்துத் தையலும் ஒரே இடத்தில் சேர வேண்டும் என்பது மட்டுமே சிரமம், இஸ்திரியை எதிரெதிர்ப் பக்கம் திருப்பிவிட்டால் தானே பூட்டிக்கொள்ளும்.

சாய்மூலைதான் துணியும் பொறுமையும் கேட்பது. பட்டை நீளம் குயில்டின் நீளத்தோடு நிற்காது. இரண்டு பக்க பார்டர் அகலமும் அதற்கு மேல் ஒரு 4 அங்குலமும் சேர்த்து 86½, 74½ என்று போகும், மொத்தம் 322. தையலை இரண்டு முனைகளிலும் மூலைக்கு கால் அங்குலம் முன்னாலேயே நிறுத்த வேண்டும். ஒரு தையல் தாண்டினாலும் உள்மூலையில் சுருக்கம் விழும். பிறகு குயில்டை மூலைவிட்டமாக மடித்து, ஸ்கேலின் 45 டிகிரிக் கோட்டை வைத்துக் குறித்து, உள்மூலையிலிருந்து வெளியே தைப்பது. அந்தச் சாய்வு ஓரம் கிராஸ் என்பதால் இழுத்தால் நீளும். ஒரே நிற பார்டருக்கு இவ்வளவு பாடு தேவையில்லை, அருகில் வந்து குனிந்து பார்ப்பவருக்கே தெரியும். கோடு போட்ட துணி என்றால் கதையே வேறு: கோடுகள் மூலையில் முட்டித் திரும்பி ஓடும் அழகை மற்ற இரண்டும் தராது. பல பார்டர்கள் இருந்தால் எல்லாப் பட்டைகளையும் முதலில் ஒன்றாகத் தைத்து ஒரே பார்டராக வைக்கலாம் என்பது இதன் இன்னொரு லாபம்.

கடைசியாக, பட்டையை எந்தப் பக்கமாக வெட்டுவது? பாவு நூல் ஓடும் நெடுக்குவாட்டில் வெட்டினால் மிகக் குறைவாகவே நீளும், துண்டோடு துண்டு சேர்க்கும் ஒட்டும் இருக்காது. நேர் மூலைக்கு 75 அங்குலத் துணி வாங்க வேண்டியிருக்கும், ஆனால் 42 அங்குல அகலத்தில் நாலு பட்டைக்கு 22 போக 20 மிஞ்சும், பைண்டிங் (குயில்டின் வெளி ஓரத்தை மூடித் தைக்கும் பட்டை) முழுவதும் அதிலேயே வந்துவிடும். குறுக்குவாட்டில் வெட்டினால் துணி குறைவு, கொஞ்சம் நீளும், ஒட்டுப்போட வேண்டும். நேராக ஒட்டினால் 7 பட்டை போதும். ஒட்டு கண்ணை உறுத்தாமல் இருக்கச் சாய்வாகப் போட்டால் ஒவ்வொரு ஒட்டிலும் ஏறத்தாழ 5½ அங்குலம் போய்விடும், 7 பட்டையில் 261 அங்குலம்தான் தேறும், 286 வராது. எட்டாவது பட்டையும் வெட்டியாக வேண்டும், 44 அங்குலத் துணி. சின்னப் பூக்கள் நெருக்கமாக அச்சான துணியில் நேர் ஒட்டே மறைந்துவிடும், அங்கே எட்டாவது பட்டை வீண். வெறும் நிறத் துணிக்குச் சாய்வு ஒட்டுதான்.