நீலத் திமிங்கலமா, திமிங்கலச் சுறாவா: எது மீன்?

இலங்கையின் திருகோணமலையில், கோணேசர் கோயில் மலையில் நின்று கடலைப் பார்த்தால், அதிர்ஷ்டம் இருக்கும் நாளில் நீலத் திமிங்கலம் மூச்சுவிடுவது தெரியும். "பெரிய மீன்!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். அந்த மூச்சுதான் அது மீன் இல்லை என்பதற்குச் சாட்சி. அதற்கு நுரையீரல்; மேலே வந்தே ஆகவேண்டும். திமிங்கலச் சுறாவுக்குச் செவுள் போதும். பெயரில் திமிங்கலம் இருந்தாலும் அது மீன்தான், மீன்களிலேயே மிகப் பெரியது.

வாலும் காட்டிக்கொடுக்கும். திமிங்கலத்தின் வால் படுக்கையாக இருந்து மேலும் கீழும் அடிக்கும். சுறாவின் வால் நிமிர்ந்து நின்று இடமும் வலமும் ஆடும்.

சரி, குட்டி போட்டால் பாலூட்டியா? பலர் தடுமாறும் இடம் இது. திமிங்கலச் சுறாவும் குட்டிதான் போடுகிறது. 1995இல் தாய்வானில் பிடிபட்ட ஒன்றின் வயிற்றில் சுமார் 300 கருக்கள் இருந்தன. முட்டைகள் வயிற்றுக்குள்ளேயே பொரிந்துவிடும், அவ்வளவுதான். பிறந்த குட்டிக்குத் தாய் பால் கொடுப்பதில்லை. நீலத் திமிங்கலமோ வழக்கமாக ஒரே குட்டியை ஈன்று, மாதக்கணக்கில் பாலூட்டி வளர்க்கும். உயிரினங்களை வகைப்படுத்திய சுவீடன் அறிவியலாளர் லின்னேயஸ் 1758இல் திமிங்கலங்களை மீன்களிலிருந்து பிரித்துப் பாலூட்டிகளோடு சேர்த்தார். ஒரே ஒரு அடையாளம் சொல்லச் சொன்னால், நான் பாலைத்தான் சொல்வேன்.