ஸ்மார்ட் லைட்: வைஃபை பல்பா, ஹப்பா, ஹோம் அசிஸ்டன்டா?

எத்தனை பல்ப் மாட்டப் போகிறீர்கள் என்று முதலில் எண்ணிவிடுங்கள். நாலைந்துதான் என்றால் ஹப்பே (எல்லா பல்பையும் ஓரிடத்திலிருந்து ஆட்டுவிக்கும் தனிப் பெட்டி) வேண்டாம், வைஃபை பல்ப் போதும். பதினைந்து, இருபது என்று போகும்போதுதான் ஹப்பின் அருமை தெரியும்.

வைஃபை பல்ப் ஒவ்வொன்றும் ரவுட்டரில் ஓர் ஐபி முகவரியைப் பிடித்துக்கொள்ளும். ஃபோன், டிவி, கேமரா எல்லாம் சேர்ந்து முப்பது, நாற்பது சாதனம் ஆகும்போது சாதாரண ரவுட்டர் திணற ஆரம்பிக்கும். அதற்கு முன்பே, இணைக்கும்போதே பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. இந்த பல்புகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே பேசும். ரவுட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் தருகிறது, ஃபோன் 5-இல் நிற்கிறது, ஆப் "சாதனம் கிடைக்கவில்லை" என்கிறது. 5 கிகாஹெர்ட்ஸைப் பத்து நிமிடம் அணைத்துவிட்டு இணைத்தால் முடிந்தது, பிறகு போட்டுக்கொள்ளலாம். பாதுகாப்பு அமைப்பு டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தாலும் பல பல்புகள் சேராது, டபிள்யூபிஏ2-வையும் அனுமதியுங்கள். ரவுட்டரை மாற்றும்போது பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பல்பையும் மறுபடி முதலிலிருந்து இணைக்க வேண்டியதுதான்.

ஹப் வைத்தால் கதை வேறு. பிலிப்ஸ் ஹியூவும் ஐக்கியாவின் பழைய பல்புகளும் ஜிக்பீ என்ற வயர்லெஸ் முறையில் ஓடுகின்றன. ரவுட்டருக்குத் தெரிவது ஹப் ஒன்றுதான். கரண்டில் இருக்கும் பல்ப் ஒவ்வொன்றும் அடுத்த பல்புக்குச் செய்தியைக் கடத்தும். பேட்டரியில் ஓடும் சென்சாரும் ரிமோட்டும் கடத்தாது. அதனால் ஹப்புக்குப் பக்கத்து அறையில் தொடங்கி, வெளிப்பக்கமாக ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே போங்கள். கடைசி அறையை முதலில் இணைக்கப் போய், "சிக்னலே இல்லை" என்று ஹப்பைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

ஹியூவின் ஹப்பான சதுர பிரிட்ஜ் சுமார் 50 விளக்குகள், 12 துணைச் சாதனங்கள் வரை தாங்கும். ரவுட்டரோடு ஈதர்நெட் கேபிளில்தான் இணைக்க வேண்டும். 2025-இல் வந்த பிரிட்ஜ் ப்ரோவுக்கு 150 விளக்குகள், 50 துணைச் சாதனங்கள். அது வைஃபையிலும் ஓடும். இன்டர்நெட் போனாலும் வீட்டு வைஃபைக்குள் ஆப் வேலை செய்யும், நேர அட்டவணையும் தவறாது. தேடலில் சிக்காத பல்பை, அதன் மேல் அச்சிட்டிருக்கும் ஆறு எழுத்து சீரியல் எண்ணைக் கொடுத்துச் சேர்க்கலாம். ஷேடுக்குள் மாட்டுவதற்கு முன் அதை ஒரு ஃபோட்டோ எடுத்துவைத்தால், பிறகு ஏணி போட்டு ஏற வேண்டியிருக்காது.

2022-இல் வந்த ஐக்கியாவின் டிரிகேரா ஹப்பில் வசதிகள் குறைவு. காட்சி அமைப்புகளிலும் ஆப்பின் நேர்த்தியிலும் ஹியூ ஒரு படி மேல். ஆனால் ஐக்கியாவின் ஜிக்பீ பல்பை ரீசெட் செய்வது சுலபம்: சுவிட்சை வேகமாக ஆறு முறை அணைத்துப் போட்டால் போதும். ஹியூ பல்பில் அந்த வித்தை பலிக்காது. பழைய பிரிட்ஜிலிருந்து நீக்க வேண்டும். பிரிட்ஜ் கையில் இல்லாவிட்டால், ஆன், ஆஃப் என்று தனித்தனிப் பொத்தான் உள்ள ஹியூ டிம்மர் ரிமோட்டை எரியும் பல்புக்கு ஒட்டினாற்போல் பிடித்து, இரண்டையும் சேர்த்துப் பத்து விநாடி அழுத்துங்கள். பல்ப் மின்னினால் விடுபட்டுவிட்டது.

எந்த ஹப்பாக இருந்தாலும் ரவுட்டர் மேல் வைக்காதீர்கள். ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். வைஃபையும் ஜிக்பீயும் ஒரே 2.4 அலைவரிசையில் இடித்துக்கொள்பவை. வைஃபை சேனல் 1-இல் இருந்தால் ஜிக்பீயின் 11 முதல் 14 வரையான சேனல்கள் அடிபடும். வைஃபை 11-இல் இருந்தால் ஜிக்பீயின் 21 முதல் 24 வரை. ஜிக்பீயின் 15, 20, 25 ஆகியவை இடைவெளியில் விழுவதால் ஓரளவு தப்பிக்கும். ஜிக்பீ சேனல் மாற்றும் நேரத்தில் எல்லா பல்புக்கும் கரண்ட் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றிரண்டு பழைய சேனலிலேயே நின்றுவிடும்.

நாமே கணினியில் போட்டு நடத்தும் மென்பொருளான ஹோம் அசிஸ்டன்ட் வேறு ஜாதி. ஒரு சின்ன கணினி, ஜிக்பீ பல்புகளோடு பேச ஒரு யுஎஸ்பி டாங்கிள் (செருகும் சின்னக் கருவி), எந்தக் கம்பெனி பல்பும் ஒரே கூரையின் கீழ். டாங்கிளை நேராக யுஎஸ்பி 3 போர்ட்டில் செருகினால் அந்த போர்ட்டின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸைக் கெடுக்கும். ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டால் "பாதி பல்ப் காணோம்" என்ற புலம்பலில் பெரும்பகுதி நின்றுவிடும். மெமரி கார்டுக்குப் பதில் எஸ்எஸ்டி போடுங்கள், பேக்கப்பை வேறு இடத்தில் வையுங்கள். அப்டேட் பார்க்க வீட்டில் ஒருவருக்கு ஆர்வம் இல்லையென்றால் இந்தப் பக்கம் வராமல் இருப்பதே நல்லது.

பல கம்பெனிச் சாதனங்களும் ஒன்றோடொன்று பேச உருவான மேட்டர் என்ற பொதுமொழியின் முதல் பதிப்பு 2022 அக்டோபரில் வந்தது. மேட்டர் முத்திரை உள்ள பல்ப் வைஃபையில் ஓடலாம், ஜிக்பீ போன்ற த்ரெட் முறையிலும் ஓடலாம். த்ரெட் என்றால் அதை வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்கும் பார்டர் ரவுட்டர் ஒன்று தேவை, ஆப்பிளின் ஹோம்பாட் மினி போல. பெட்டியில் எது என்று பார்க்காமல் வாங்குவதுதான் இங்கே நடக்கும் முதல் தவறு. இணைப்பதற்கான க்யூஆர் கோடு கிழிந்தால் இணைப்பது பெரும்பாடு, அதையும் ஃபோட்டோ எடுத்துவையுங்கள்.

எந்த வழியில் போனாலும் சுவர் சுவிட்ச் ஒரு தலைவலி. யாராவது பழக்க தோஷத்தில் அணைத்தால் அந்த பல்ப் மட்டுமல்ல, ஜிக்பீ, த்ரெட் என்றால் அதன் வழியாகப் பேசிக்கொண்டிருந்த மற்றவையும் தடுமாறும். சுவிட்சின் மேல் பேட்டரி ரிமோட்டை ஒட்டிவிடலாம். அல்லது நிறம் மாறும் ஆசையை விட்டுவிட்டு, சாதாரண பல்புக்குச் சுவிட்ச் பெட்டிக்குள் ரிலே மாட்யூல் (ஆப்பிலிருந்து அணைத்துப் போட உதவும் சின்னக் கருவி) வைக்கலாம். அதற்குப் பெட்டியில் நியூட்ரல் வயர் வேண்டும். நியூட்ரல் இல்லாத மாட்யூல் போட்டால் குறைந்த வாட் எல்இடி அணைத்த பிறகும் மங்கலாக எரியும். விளக்குக்கு இணையாக பைபாஸ் கபாசிட்டர் போட்டால் நிற்கும். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை இது.

கடைசியாக ஆப்பில் பவர்-ஆன் அமைப்பைத் தேடி, "முந்தைய நிலை" என்று மாற்றுங்கள். பல பல்புகள் கரண்ட் வந்ததும் முழு வெளிச்சத்தில் எரியும்படிதான் ஆலையிலிருந்து வருகின்றன. ராத்திரி மூன்று மணிக்குக் கரண்ட் போய் வந்தால் வீடே பகலாகிவிடும்.