பாப் பரிசோதனையா, எச்.பி.வி. பரிசோதனையா?

35 வயதைத் தாண்டிய தோட்டத்து அக்காமார் பலர் இதைக் கேட்கிறார்கள். இரண்டுமே கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் முற்றுமுன் பிடிக்கத்தான்.

எதைப் பார்க்கிறார்கள்?
பாப்: கருப்பைக் கழுத்தில் தடவி எடுத்த கலங்கள் மாறத் தொடங்கிவிட்டனவா என்று.
எச்.பி.வி.: அப்படி மாற்றக்கூடிய வைரஸ் இருக்கிறதா என்று. இதுதான் கூர்மையானது. ஆனால் 'இருக்கிறது' என்று வந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. பெரும்பாலானோருக்கு ஓரிரு வருடத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். இதை விளக்காமல் விட்டால் லயம் முழுக்கக் கதை பரவும், உடலுறவில் தொற்றும் வைரஸ் என்பதால் புருஷனின் சந்தேகம் வேறு.

செலவு?
பாப்: அரசாங்க வெல் விமன் (பெண்கள் நலம் பார்க்கும்) கிளினிக்கில் இலவசம்.
எச்.பி.வி.: தனியாரில் காசு, அரசாங்க கிளினிக்குகளுக்கும் வரத் தொடங்கியிருக்கிறது.

அடுத்தது எப்போது?
உலக சுகாதார நிறுவனக் கணக்கில் பாப் 3 வருடத்துக்கு ஒருமுறை, எச்.பி.வி. 5 முதல் 10 வருடத்துக்கு ஒருமுறை. கொழுந்து மலையை விட்டு வந்தால் ஒரு நாள் பேர் (அன்றைய சம்பளம்) போகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

பக்கத்து கிளினிக்கில் பாப் மட்டும்தான் என்றால் அதையே செய்துகொள்ளுங்கள், மற்றதுக்காகக் காத்திருக்க வேண்டாம். இரண்டும் கிடைத்தால் எச்.பி.வி.யைச் செய்துகொள்ளுங்கள். மாதவிடாய் அடியோடு நின்றபின் இரத்தம் பட்டால் இந்தக் கேள்வியே வேண்டாம், நேரே டொக்டரிடம் போங்கள்.

கிளினிக் எந்த நாளில் என்று மிட்வைஃப் மிஸ்ஸியிடம் கேட்கலாம். ஆறாம் வகுப்பு மகளுக்கு 2017 முதல் பாடசாலையில் போடும் எச்.பி.வி. தடுப்பூசி பற்றியும் அவரிடமே கேளுங்கள்.